பெரிய கிளப்புகள் சொந்த நாட்டு லீக்கை விட்டு வெளியேறினால் என்ன தவறு?

நடுநிசிப் பந்து (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

நான் பேயர்ன் மியூனிக் ரசிகன், பதினைந்து வருடமாக. சனிக்கிழமை மாலை ஏழு, எட்டு மணிக்கு ஜெர்மனியின் முதல் லீக்கான பந்தஸ்லிகாவில் ஆட்டம் என்றால் வீட்டில் வேறு யாரும் டிவி பக்கம் வரமாட்டார்கள். 2023 அக்டோபர் கடைசியில் டார்ம்ஸ்டாட்டுடன் நடந்த ஆட்டம் சிலருக்கு நினைவிருக்கும். முதல் பாதியிலேயே மூன்று பேருக்குச் சிவப்பு அட்டை, ஆனால் இடைவேளை வரை கோலே இல்லை. சரி, இன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் எட்டு கோல். ஹாரி கேன் தன் பாதியில் நின்றபடியே ஒன்று அடித்தார், அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாவது கோல் விழுந்தபோது என் கை தானாக ஒலியைக் குறைத்துவிட்டது. என் அணி ஜெயிக்கிறது, எனக்கு எந்த உணர்ச்சியும் வரவில்லை.

2013 முதல் 2023 வரை பதினோரு வருடம் தொடர்ந்து எங்களுக்குத்தான் பட்டம். இத்தாலியில் யுவென்டஸ் 2012 முதல் 2020 வரை ஒன்பது. இதில் போட்டி எங்கே இருக்கிறது?

அதுவே ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இரவு என்றால் கதை வேறு. ஆட்டம் 12:30க்கோ 1:30க்கோ தொடங்கும். அலாரம் அடிக்கும் முன்னாலேயே எழுந்துவிடுவேன், மறுநாள் ஆபீஸில் கண் எரியும், அப்படியும் ஒரு ஆட்டம் விடமாட்டேன். என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், லீக் ஆட்டமெல்லாம் அவனுக்கு மூன்று நிமிடச் சுருக்கம் போதும். ரியல் மாட்ரிட், லிவர்பூல் மோதினால் மட்டும் தொண்ணூறு நிமிடமும் உட்காருவான். இளைஞர்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று ரியல் மாட்ரிட் தலைவர் ஃபுளோரன்டினோ பெரேஸ் 2021இல் சொன்னபோது எல்லோரும் அவரைத் திட்டினார்கள். என் வீட்டில் அது கண்ணெதிரே நடக்கிறது.

பெரிய கிளப்புகள் தங்களுக்குள் ஆடத் திட்டமிட்ட அந்த சூப்பர் லீக் 2021 ஏப்ரல் 18 இரவு அறிவிக்கப்பட்டு, இரண்டே நாளில் கவிழ்ந்தது. பன்னிரண்டு கிளப்புகளின் பேராசை என்று உலகமே பேசியது. பேராசையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் பதினைந்து இருபது பேர் தனியாகப் போய் தங்களுக்குள் ஆடிக்கொள்ளட்டுமே. அவர்களுக்கும் நல்ல ஆட்டம், விட்டுப்போன லீக்கில் மற்றவர்களுக்கும் பட்டம் ஜெயிக்க வாய்ப்பு. இதில் யாருக்கு நஷ்டம்? இன்னொன்று, என் பேயர்ன் அன்றைக்கு ஏன் சேர மறுத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லூட்டன் வாசி:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். 2021இல் அறிவித்தவர்கள் உள்நாட்டு லீக்கை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை. வார இறுதியில் லீக், வார நடுவில் சூப்பர் லீக், இரண்டும் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். மொத்தம் 20 அணி, அதில் 15க்கு நிரந்தர இடம், எவ்வளவு மோசமாக ஆடினாலும் வெளியே போகத் தேவையில்லை. மற்ற ஐந்து இடம்தான் வருடா வருடம் மாறும். சனத்துக்குக் கோபம் வந்தது அந்தப் பதினைந்தைப் பார்த்துத்தான்.

ஏப்ரல் 20ஆம் தேதி நான் ஃபுல்ஹாம் றோட்டில் நின்றேன். அப்போது அந்தப் பக்கம்தான் வேலை. செல்சிக்கும் பிரைட்டனுக்கும் ஆட்டம், கொரோனா காலம், மைதானத்துக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள். உள்ளே போக முடியாது என்று தெரிந்தே அவ்வளவு சனம் வெளியில் வந்து நின்றது. செல்சியின் பஸ்ஸை உள்ளே போகவிடாமல் மறித்தார்கள். பீற்றர் செக் அப்போது அந்தக் கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தார், அவரே இறங்கிவந்து கையைக் காட்டிக் காட்டி, வழிவிடுங்கோ, கொஞ்சம் அவகாசம் தாங்கோ என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆட்டம் பதினைந்து நிமிடம் பிந்தித்தான் தொடங்கியது. அதற்கிடையில் யாரோ ஒருவரின் போனில் செய்தி வந்தது, செல்சி விலகப்போகிறதாம் என்று. சத்தம் றோட்டின் அந்தத் தலை வரைக்கும் போனது. எனக்குப் பக்கத்தில் நின்றவருக்கு எழுபது வயதாவது இருக்கும், முகக்கவசத்தைக் கழற்றி அதாலேயே கண்ணைத் துடைத்தார்.

யோசித்துப் பாருங்கள், சூப்பர் லீக் வந்தால் அவருடைய கிளப்புக்குத்தான் லாபம். நிரந்தர இடம் கிடைத்திருக்கும், காசு கொட்டியிருக்கும். அது வேண்டாம் என்றுதான் அவர் அங்கே நின்றார். தோற்றால் கீழ் டிவிசனுக்கு இறங்க வேண்டும் என்ற பயம் இல்லாவிட்டால் வென்றதற்கு என்ன பெறுமதி என்று பிறகு என்னோடு கதைத்தபோது கேட்டார். எனக்கு இன்றைக்கும் அதற்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது நான் இருப்பது லூட்டனில். இங்கே கெனில்வர்த் றோட் மைதானத்துக்கு வெளியூர் ரசிகர்கள் போகும் வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள், அதில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு திறப்பு. அதால் போய் இரும்புப் படி ஏறினால் கீழே அடுத்த வீட்டுக் கொல்லைப்புறம் தெரியும், கொடியில் உடுப்புக் காயும். 2009இல் இந்த அணி நான்கு டிவிசனையும் விட்டே வெளியே விழுந்தது, ஐந்தாம் தட்டுக்கு. அங்கேயிருந்து மேலே வர ஐந்து வருடம். 2023 மே மாதம் வெம்பிளியில் கவன்ட்ரியை பெனால்டியில் 6-5 என்று வென்று பிரீமியர் லீக்குக்குள் நுழைந்தது. பெல்லி ரடொக் எம்பன்சு என்றொரு வீரர், ஐந்தாம் தட்டிலிருந்து முதல் தட்டு வரைக்கும் ஒரே கிளப்புக்காக ஆடினார், அவருக்கு முன்னால் எவரும் அப்படி ஆடியதில்லை.

அந்த வருடம் அந்தக் கொல்லைப்புறத்துக்கு லிவர்பூல் வந்தது, 95ஆவது நிமிடத்தில்தான் சமன் செய்தது. ஆர்சனல் வந்தது, 97ஆவது நிமிட கோலால் 4-3 என்று தப்பியது. பிறகு லூட்டன் இறங்கிவிட்டது, அடுத்த வருடம் இன்னொரு தட்டும் இறங்கியது. யாரும் அந்த வருடம் வந்திருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய ஆட்கள் எழும்பிப் போய்விட்டால் ஏறிவந்த எங்கள் ஆட்கள் யாரோடு ஆடுவது?


பச்சை வெள்ளைக் கோடு:

லூட்டன் அண்ணா சொன்னது இங்கிலாந்துக்குச் சரி. கொஞ்சம் வடக்கே வாருங்கள். நான் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டவன், செல்டிக் ரசிகன்.

ஸ்காட்லாந்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் தவிர வேறு ஒரு அணி பட்டம் வென்றது 1985இல், அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன். அதற்கப்புறம் 2025 வரை நாற்பது வருடம் இந்த இருவர்தான் மாற்றி மாற்றி. செல்டிக் பார்க்கில் 60,000 பேர் உட்காரலாம், நல்ல நாளில் நிரம்பும். ராஸ் கவுண்டி கிளப் 2025இல் கீழே இறங்கும் வரை, அடுத்த வாரம் இதே அணி அந்தக் கிளப்பின் சின்ன ஊரான டிங்வாலுக்கு ஆடப் போகும், அந்த ஊரின் மக்கள்தொகையைவிட மைதானத்தின் இருக்கைகள் அதிகம். நான் அங்கே போயிருக்கிறேன். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும், ஆனால் சூப் விற்கிற அம்மா நம்மை முகம் பார்த்துப் பேசுவார். அந்த ஊரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வருடம் முழுக்க இப்படி ஆடிவிட்டு ஐரோப்பாவுக்குப் போனால் என்ன ஆகும்? 2024 அக்டோபர் 1ஆம் தேதி ஜெர்மனியின் டார்ட்மண்டில் 7-1 என்று வாங்கினோம். வாரா வாரம் ஜெயித்துப் பழகிய அணிக்கு அடி வாங்கத் தெரியவில்லை. (அதே பருவத்தில் நம் நடுநிசிப் பந்தின் பேயர்னை அவர்கள் ஊரிலேயே முன்னிலை எடுத்து, 94ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்தோம். அந்தக் கடைசி நிமிடக் கோல் இன்னும் உறுத்துகிறது.)

பண விஷயம் இன்னும் கஷ்டம். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிந்து இறங்கிப்போகிற அணிக்கே ஒளிபரப்புப் பங்காகப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. இங்கே பட்டம் ஜெயித்தாலும் லீக்கிலிருந்து வருவது அதில் ஒரு சின்னத் துண்டுதான். 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த செல்டிக் அணியில் எல்லோரும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நல்ல பையன் கிளம்பினால் பதினாறு வயதிலேயே எல்லை தாண்டிவிடுகிறான்.

ஆகவே வெளியேறுவது என்றாலே துரோகம் என்று எல்லோரும் பேசும்போது எனக்கு வலிக்கிறது. கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம் எல்லாம் வேல்ஸ் கிளப்புகள், இங்கிலாந்து லீக்கில்தான் ஆடுகின்றன. டெரி சிட்டி வட அயர்லாந்தில் இருக்கிறது, 1985இலிருந்து அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் ஆடுகிறது. யாருடைய உலகமும் இடிந்துவிடவில்லை. 2000 வாக்கில் அட்லான்டிக் லீக் என்று ஒரு யோசனை வந்தது. ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், போர்ச்சுகல் நாடுகளின் பெரிய கிளப்புகள் சேர்ந்து ஆடலாம் என்று. அது நடந்திருந்தால் அயாக்ஸ், பென்ஃபிகா, செல்டிக் எல்லாம் இன்றைக்கு வேறு நிலையில் இருந்திருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை இழுத்துப் பிடிக்கிறது. 2012இல் ரேஞ்சர்ஸ் திவாலாகி, புதிய நிறுவனத்தின் கீழ் வந்து, முதல் டிவிஷனிலேயே இடம் கொடுங்கள் என்று கேட்டபோது மற்ற கிளப்புகள் வாக்கெடுப்பு நடத்தின. ரேஞ்சர்ஸ் இல்லாவிட்டால் தங்களுக்கு வருமானம் விழும் என்று நன்றாகத் தெரிந்தும், தங்கள் ரசிகர்களின் பேச்சைக் கேட்டு, பெரும்பாலானவை வேண்டாம் என்றன. ரேஞ்சர்ஸ் நான்காம் டிவிஷனில் போய் ஆடியது. அங்கே ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷருடன் நடந்த ஆட்டத்துக்கு 49,000 பேர் வந்தார்கள். பரம எதிரிதான், அப்படியும் சொல்கிறேன், அந்தக் கூட்டம் இந்த ஊர் லீக்கின் மேல் இருக்கிற பிடிப்பு. அதை விட்டுவிட்டுப் போவது சுலபமில்லை.


நடுநிசிப் பந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. நிரந்தர இடம் என்பதுதான் உறுத்தல் என்றால், அது மட்டும் இல்லாமல் செய்துவிட்டால்? அல்லது நிரந்தர இடம் இருந்தாலும்தான் என்ன? அமெரிக்காவின் பெரிய லீக் எதிலும் அணி இறங்குவதில்லை, அங்கே கூட்டம் குறையவில்லையே.


நேரு ஸ்டேடியம் கிழக்கு:

அமெரிக்கா வரைக்கும் எதற்கு? கோவைக்கு வாங்க, நான் சொல்கிறேன், ஏறவும் இறங்கவும் வழி இல்லாத மூடின லீக் என்றால் என்ன என்று.

2019 மார்ச் 9. இந்தியாவின் தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் எங்கள் நேரு ஸ்டேடியம். ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், ஜெயித்தால் பட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்துவிட்டது. இன்னொரு பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது, அவர்கள் ஜெயித்து நாங்கள் தோற்றால் எல்லாம் போச்சு. என் அப்பா கையில் போனை வைத்துக்கொண்டு அந்த ஸ்கோரையே பார்த்தபடி இருந்தார், எதிரில் நடக்கிற ஆட்டத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்ஸி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43க்கு 42, பட்டம் எங்களுக்கு. அன்றைக்கு அவிநாசி சாலையில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோயமுத்தூரில் கால்பந்துக்கு!

சரி, ஜெயித்தாயிற்று, அடுத்து எங்கே? எங்கேயும் இல்லை. மேலே இருந்தது இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல். 2014இல் எட்டு அணியோடு தொடங்கினார்கள், பணம் கட்டி உரிமம் வாங்கினவர்களுக்குத்தான் இடம். ஐ-லீக் சாம்பியன் என்பதற்காக அதற்குள் போக முடியாது. இங்கிலாந்தில் லூட்டன் ஏறின மாதிரி எங்களுக்கு ஏற ஒரு படி இல்லை. மான்ஸி ஜப்பான் கிளப் ஒன்றுக்குப் போனார். 2020-21தான் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடிய கடைசிப் பருவம். அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், கிளப் நடத்துவதில் ஆயிரம் சிக்கல். ஆனால் மேலே போக வழி இருந்திருந்தால் அந்தப் பட்டத்துக்கு ஒரு விலை இருந்திருக்கும், அதைக் காட்டி ஆட்களையும் பணத்தையும் பிடித்து வைத்திருக்கலாம். ஐ-லீக் சாம்பியனுக்குக் கதவு திறந்தது 2023இல், பஞ்சாப் அணிதான் முதலில் உள்ளே போனது. எங்களுக்கு நான்கு வருடம் பிந்திவிட்டது.

அப்பா அன்றைக்கு வாங்கின ஸ்கார்ஃப் இன்னும் பீரோவில் இருக்கிறது. மூடின லீக் நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.


கணக்குப்பிள்ளை:

நேரு ஸ்டேடியம் எழுதினதைப் படித்துவிட்டு எண்களைப் பற்றி எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் கேள்விக்குக் கணக்கு வழியிலும் ஒரு பதில் இருக்கிறது.

2021 சூப்பர் லீக் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது கடன். 2021இல் பார்சிலோனாவின் கடன் நூறு கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. ஜேபி மார்கன் வங்கி தொடக்கப் பணமாக 350 கோடி யூரோ தரத் தயாராக நின்றது. ஸ்பெயினும் இத்தாலியும் ஏன் அவ்வளவு துடித்தன என்றால், உண்மையான சூப்பர் லீக் ஏற்கெனவே இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைய பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமை, பிரிட்டனுக்குள் மட்டும், நான்கு பருவத்துக்கு 670 கோடி பவுண்டு. அந்தப் பிரீமியர் லீக்கும் 1992இல் பழைய லீக்கிலிருந்து பிரிந்து வந்ததுதான், ஆனால் கீழ் டிவிஷனிலிருந்து ஏறிவரும் வழியை அடைக்கவில்லை. அதனால் ஆறு ஆங்கில கிளப்புகளும் இரண்டே நாளில் விலகியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இழக்க அதிகம் இருந்தது அவர்களுக்குத்தான். பிறகு ஆறு பேரும் சேர்ந்து 2.2 கோடி பவுண்டு கட்டினார்கள், மறுபடி முயன்றால் ஆளுக்கு 30 புள்ளி வெட்டு என்று ஒத்துக்கொண்டார்கள்.

சட்டம் தடுத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. 2023 டிசம்பர் 21ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், முன் அனுமதி இல்லாமல் போட்டி நடத்தக்கூடாது என்ற ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ, உலக அமைப்பான ஃபிஃபா இரண்டின் விதிகள் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த கையோடு பேயர்னும் ஆங்கில கிளப்புகளும் நாங்கள் வரவில்லை என்று அறிக்கை விட்டன.

இப்போது நடுநிசிப் பந்தின் முதல் கேள்வி: பெரியவர்கள் போய்விட்டால் மற்றவர்களுக்கு நல்லதுதானே? பிரான்சைப் பாருங்கள். 2020இல் மீடியாப்ரோ நிறுவனத்தின் ஒளிபரப்பு ஒப்பந்தம் சில மாதத்தில் முறிந்தது. 2024இல் வந்த டாஸ்ன் ஒரே பருவத்தில் விலகியது, கடைசியில் லீக்கே சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. பாரிஸின் பெரிய கிளப்பான பிஎஸ்ஜி உள்ளே இருக்கும்போதே இந்தக் கதி. பிஎஸ்ஜியும் போய்விட்டால் லான்ஸ், பிரெஸ்த் மாதிரி கிளப்புகளின் ஆட்டத்தை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்? பட்டம் கிடைக்கலாம், சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது.

இன்னொரு பக்கம், இப்போதைய முறையை யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. சாம்பியன்ஸ் லீக் 2024-25இலிருந்து 36 அணி, ஆளுக்கு எட்டு ஆட்டம். உள்ளே நுழைந்தாலே ஏறக்குறைய 1.86 கோடி யூரோ. ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அந்த எட்டிலும் தோற்றது, ஒரு புள்ளி கூட இல்லை, அப்படியும் அந்தப் பணம் கைக்கு வந்தது. ஸ்லோவாக்கியாவில் மற்ற கிளப்புகள் அந்தத் தொகையைக் கனவில்தான் காணமுடியும். 2019 முதல் 2025 வரை அங்கே பட்டம் ஸ்லோவானுக்குத்தான் என்பதில் என்ன அதிசயம்? பல்கேரியாவில் லுடோகொரெட்ஸ் 2012இலிருந்து 2025 வரை பதினான்கு முறை தொடர்ந்து. கண்டப் போட்டியின் பணம் சின்ன நாட்டு லீக்குகளை உள்ளிருந்தே அரிக்கிறது. கிளாஸ்கோ நண்பரின் வலியும் இதே நோய்தான். இதற்கு மருந்து அந்தப் பணத்தைக் கிளப்புக்கு மட்டும் கொடுக்காமல் அந்த நாட்டு லீக் முழுவதுக்கும் இன்னும் தாராளமாகப் பங்கிடுவது. இப்போது கொடுப்பது போதாது.

கடைசியாக ஒன்று. பதினெட்டு பெரிய கிளப்புகளை ஒரே லீக்கில் போட்டால் ஒருவர் பதினெட்டாவது இடத்தில் வரத்தான் வேண்டும். அது பேயர்னாக இருக்கும் வருடத்தில், பிப்ரவரியிலேயே எல்லாம் முடிந்துபோய், கீழே இறங்கும் பயமும் இல்லாமல், ஏப்ரல் மாதம் இரவு 12:30க்கு அலாரம் வைப்பீர்களா?


ரூர் நதிக்கரை:

பேயர்ன் ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஜேர்மனியில் 50+1 என்று ஒரு விதி, 1998இலிருந்து. கிளப்பை நிறுவனமாக மாற்றினாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பேர்க் மாதிரி பழைய விதிவிலக்கு உண்டு. பேயர்னில் 75 வீதம் சங்கத்திடம், மிச்சத்தை அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூவரும் சமமாக வைத்திருக்கிறார்கள். உறுப்பினர் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆண்டுக் கூட்டத்தில் மண்டபத்தில் எழும்பி நின்று தலைவரின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் சனம் அது. பன்னிரண்டு கிளப்பில் ஒரு ஜேர்மன் பெயர் கூட இல்லாததற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். நான் டோர்ட்முண்ட் ஆள், பேயர்னைப் புகழ்ந்து எழுதுவது இதுவே முதல் தரம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நீங்கள் டார்ம்ஸ்டாட் 8-0 என்று ஆட்டத்தைச் சொன்னீர்கள், அது ஒக்டோபர் 28, சனிக்கிழமை. அதற்கு அடுத்த புதன், நவம்பர் 1, பேயர்ன் என்ன செய்தது? ஜேர்மன் கோப்பை ஆட்டத்துக்கு சார்ப்ரூக்கன் போனது. மூன்றாம் டிவிசன் அணி. முல்லர் 16ஆவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார், எல்லோரும் முடிந்தது என்று நினைத்தோம். இடைவேளைக்கு முன் 1-1. பிறகு 96ஆவது நிமிடத்தில் மார்செல் கௌஸ் அடித்து 2-1, பேயர்ன் வெளியே. நாலு நாள் இடைவெளி!

அந்தப் பருவம் முழுக்கவே அப்படித்தான். ஏப்ரலில் ஹைடன்ஹைம், ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், முதன்முறை பந்தஸ்லிகாவில், 0-2 என்று பின்தங்கி 3-2 என்று பேயர்னை வென்றது. பேயர்ன் அந்த வருடம் மூன்றாம் இடம், ஸ்டுட்கார்ட்டுக்கும் கீழே. லெவர்குசன் ஒரு லீக் ஆட்டம் கூடத் தோற்காமல் முதல் தடவை பட்டம் எடுத்தது. 51 ஆட்டம் தோல்வி இல்லாமல் வந்த அந்த லெவர்குசனை டப்ளினில் ஐரோப்பா லீக் இறுதியில் 3-0 என்று உடைத்தது யார்? இத்தாலியின் அட்டலாண்டா, அவர்களின் லுக்மன் மூன்றும் அடித்தார். 2020 மார்ச்சில் யுவென்டஸ் தலைவர் அன்ட்ரியா அக்னெல்லி, ஐரோப்பிய வரலாறே இல்லாமல் ஒரு நல்ல பருவத்தை வைத்து இவர்கள் நேரே சாம்பியன்ஸ் லீக்குக்கு வருவது சரியா என்று கேள்வி எழுப்பியது இதே அட்டலாண்டாவைப் பற்றித்தான்.

நீங்கள் அலுத்துப்போய் ஒலியைக் குறைத்தது சரியாக அந்த வருடத்தின் தொடக்கத்தில். அந்த சார்ப்ரூக்கன் ஆட்டத்தைப் பார்த்தீர்களா?


நடுநிசிப் பந்து:

பார்க்கவில்லை. மூன்றாம் டிவிஷன் அணிதானே, எதற்கு 1:15க்கு எழுந்துகொண்டு என்று அலாரமே வைக்கவில்லை. காலையில் ஸ்கோரைப் பார்த்துக் கோபப்பட்டதோடு சரி.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நீளமான தொகுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன், அக்கா மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து. முடிவை அவனிடம் சொல்லவில்லை. 80ஆவது நிமிடத்துக்கு மேல் அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். 96ஆவது நிமிடத்தில் அந்தக் கோல் விழுந்ததும் துள்ளி எழுந்தான், பேயர்ன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டே. மாமா, இவர்கள் யார், அடுத்து யாரோடு ஆடினார்கள் என்று கேட்டான். சார்ப்ரூக்கன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் இரண்டு பேரும் தேடினோம், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது.

என் முதல் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். பேயர்ன் அங்கேயே இருக்கட்டும். ஆனால் பச்சை வெள்ளைக் கோடு எழுதியதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நாற்பது வருடம் இரண்டே பேர் என்றால், அங்கே சார்ப்ரூக்கன் எங்கிருந்து வரும்?


பச்சை வெள்ளைக் கோடு:

வரும். 2000இல் இன்வெர்னஸ் கலிடோனியன் திசில் செல்டிக் பார்க்குக்கே வந்து எங்களைக் கோப்பையிலிருந்து 3-1 என்று வெளியேற்றியது. என் பக்கத்து இருக்கைக்காரருக்கு இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்த இரவைச் சொன்னால் முகம் மாறும். ஆனால் கோப்பை ஒரு இரவு, லீக் 38 வாரம். கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி பணத்தைப் பிரித்தால் என் ஊர் லீக் எழுந்துவிடும் என்றால் நான் இங்கேயே இருக்கத் தயார். அதுவரைக்கும், கீழே இறங்கித் திரும்பிவரும் வழியோடு ஒரு அட்லான்டிக் லீக் வந்தால் என் கை முதலில் உயரும். லூட்டன் அண்ணா, அதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?


லூட்டன் வாசி:

திரும்பிவரும் வழி இருந்தால் இல்லை, தம்பி. டிங்வாலில் இருந்து ஏறிப்போகவும் அதே வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.